அம்பு இல்லாத கட்டம்

அத்தியாயம் 7

“செத்தது என் தம்பி. லாக்கப்ல இருக்கறது என் புருஷன். நான் யாருக்காக அழறது, நீங்களே சொல்லுங்க மேடம்.”

லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. துடைத்துத் துடைத்துக் கன்னமெல்லாம் கன்றிப்போயிருந்தது.

கண்ணாடியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நேத்து அவரைப் பாத்தீங்களே, என்ன சொன்னார்?”

“‘நான்தான் பூட்டினேனோ என்னவோ, எனக்கே தெரியலடி. அடுத்த தடவ கோர்ட்டுக்குப் போனா ஒத்துக்கப் போறேன்’னு சொல்றாரு. அடுத்த தடவங்கறது நாளைக்கு மேடம். கேட்டுக் கேட்டு அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. வீட்ல எங்கம்மா என் முகத்தையே பாக்கறதில்ல. தம்பியக் கொன்னவனுக்காக ஊரெல்லாம் அலையறியாங்கறாங்க.” அவள் குரல் இறங்கியது. “ஒண்ணு மட்டும் கேக்கறேன். அவர்தான் செஞ்சிருந்தா அதையும் எங்கிட்ட நேராச் சொல்லிடுங்க. தெரியாம மட்டும் என்னால இருக்க முடியாது.”

லிஃப்டின் மூலையில் நின்ற உதவியாளன், வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தன் செருப்பைப் பார்த்தான். வாயும் காலும் மட்டுமே அவன் மூலதனம் என்பதால் கண்ணாடியம்மா அவனுக்கு வைத்த பெயர் வாய்க்கால். கண்ணாடியம்மாவுக்குப் பெயர் வைத்தது ஊர். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவராக இருந்தவர். அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. தன் கண்ணுக்குப் பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடி.

வழக்கு இதுதான். ஊருக்கு வெளியே ஒரு பழக் கிடங்கு. ஆப்பிள்கள் மாதக்கணக்கில் வாடாமல் இருக்க, அங்கே அறையை மூடி, உள்ளே இருக்கும் பிராணவாயுவை வெளியேற்றி வேறு வாயு நிரப்புவார்கள். பழம் தூங்கும். மனிதன் மாட்டினால் எழுந்திருக்க மாட்டான். அந்தப் பெண்ணின் கணவர் அங்கே சூப்பர்வைசர். அவள் தம்பி, பழப்பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியின் டிரைவர். அன்று காலை தம்பி வண்டியைக் கொண்டுபோய்க் கதவில் இடித்தான். அக்கா புருஷன் எல்லோர் முன்னாலும் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அறைந்ததோடு நிற்காமல், “உன்ன உள்ள வெச்சுப் பூட்டினாத்தான் புத்தி வரும்” என்றும் சொன்னார்.

மாலையில் தம்பி மூன்றாவது அறைக்குள், கதவோரமாகப் பிணமாகக் கிடந்தான். கதவின் பதிவு, ‘மூடியவர்: சூப்பர்வைசர் கார்டு’ என்றது. உள்ளே அவசரப் பட்டன் ஒன்று இருந்தது. போலீஸ் அமுக்கிப் பார்த்தது. கதவு சமர்த்தாகத் திறந்தது. பட்டனை அமுக்க விடாமல் தம்பியை அடித்துப் போட்டுவிட்டுத்தான் பூட்டியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“கார்டு பொய் சொல்லாதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்றார்,” என்றார் கண்ணாடியம்மா. “சரி. ஆனா அந்தக் கார்டுக்குப் பேசக் கத்துக் குடுத்தவங்க இந்த மாடியிலதான் உட்கார்ந்திருக்காங்க. நமக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்.”

லிஃப்ட் கதவு திறந்தது.

*

கூட்ட அறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். கதவுக்கும் வாயு இயந்திரத்துக்கும் மூளையாக இருக்கும் மென்பொருளைச் செய்தவர்கள்.

நடுவில் இருந்தவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைக்காரர். “நான்தான் ஆர்க்கிடெக்ட்,” என்றார்.

“வீடு கட்டறவரா?” வாய்க்காலுக்கு வாய் திரும்பிவிட்டது. “இங்க என்ன சார் பண்றீங்க?”

“மென்பொருளுக்கு வரைபடம் போடறவன். நான் வரையறேன், இவர் அதைப் பாத்து புரோகிராம் எழுதறார், இவங்க சோதிக்கறாங்க.”

எழுதுகிறவர் தாடிக்காரர். மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. சோதிப்பவர் நடுவயதுப் பெண்மணி. வந்த பெண்ணின் கன்றிய கன்னத்தைப் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

சுவரில் பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கதவின் வரைபடம். கட்டங்கள், கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புகள். ‘திறந்தது’ என்று ஒரு கட்டம். ‘மூடியது’ என்று ஒரு கட்டம். ஓரமாக இன்னும் சில. கதவு எந்த நிலையில் இருக்கிறது என்பது கட்டம். என்ன நடந்தால் அடுத்த நிலைக்குப் போகும் என்பது அம்பு.

“வக்கீல் நோட்டீஸ் வந்ததால மதியம் வரைக்கும் நேரம் ஒதுக்கியிருக்கோம்,” என்றார் ஆர்க்கிடெக்ட். “ஆனா முன்னாடியே சொல்லிடறேன். இந்தப் படத்த நாங்க உட்கார்ந்து பாத்து முடிச்சுத்தான் கையெழுத்துப் போட்டோம். தப்பு இல்ல.”

“இன்னொரு தடவை பாருங்களேன். என் கண்ணுக்காக.”

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். கண்ணாடியம்மா சுவரைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

“இந்தப் பேர்ல எழுத்துப்பிழை இருக்கு,” என்றார் தாடிக்காரர்.

“இந்த அம்பு புள்ளிக்கோடா இருக்கணும்,” என்றார் சோதிக்கும் பெண்மணி.

“இந்தக் கட்டம் கொஞ்சம் கோணல்,” என்றார் ஆர்க்கிடெக்ட்.

“ஆள் செத்துக் கிடக்கறாரு, இவங்க அழைப்பிதழ்ல அச்சுப்பிழை பாக்கறாங்க அக்கா,” என்று முணுமுணுத்தான் வாய்க்கால்.

கண்ணாடியம்மா எழுந்தார். “தண்ணி எங்க கிடைக்கும்?”

வெளியே வராந்தாவில், தண்ணீர் இயந்திரத்தின் முன்னால், அவர் தண்ணீர் குடிக்கவில்லை. காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, ஒண்ணும் தேறலியா? போயிடலாமா? அந்தம்மா முகத்தப் பாக்க எனக்குத் தெம்பில்ல.”

“அவங்க கண்ணைப் பாத்தியா?”

“பாத்தேன். ஆளுக்கு ரெண்டு இருந்தது.”

“விளையாடாதே. தப்புத் தேடறவன் கண்ணு எப்படிப் போகும் தெரியுமா? முதல்ல நடுவுல போகும். பெரிய கட்டம், தடிச்ச எழுத்து. அப்புறம் அம்பு வழியா மேயும். ஓரத்துக்குக் கடைசியாப் போகும், போனாலும் நிக்காது. தாடிக்காரரும் அந்தம்மாவும் அப்படித்தான் பாத்தாங்க. நடுவுலயே சுத்திட்டு, ஓரத்தத் தொட்டுட்டு வந்துட்டாங்க.”

“அந்த வீடு கட்டாதவரு?”

“அவர் கண்ணு எல்லா இடத்துக்கும் போச்சு. கீழ வலது மூலைக்கு மட்டும் போகல. ரெண்டு தடவை அந்த அம்பு வழியா வந்தார். மூலை வந்ததும், பள்ளத்தத் தாண்டற மாதிரி தாண்டிட்டார்.” கோப்பை முழுதாக நசுங்கியது. “தேடறவன் எல்லாத்தையும் பாப்பான்டா. தெரிஞ்சவன்தான் ஒரு இடத்த மட்டும் பாக்க மாட்டான்.”

வாய்க்கால் பெருமூச்சு விட்டான். “அப்ப மூலைல என்ன இருக்கு?”

“‘இறுக்கம்’னு ஒரு கட்டம். அதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. அதுதான் பயமா இருக்கு. மதியத்துக்குள்ள அது பேசலேன்னா, நாளைக்கு அந்த மனுஷன் செய்யாத கொலைய ஒத்துக்குவான்.”

*

“இப்ப யாரும் படிக்க வேண்டாம்,” என்றார் கண்ணாடியம்மா உள்ளே வந்து. “நடிங்க.”

“என்னது?” ஆர்க்கிடெக்டின் புருவம் ஏறியது.

“படத்த ஆள் ஆளாப் பிரிச்சுக்கோங்க. இந்தம்மா கதவு. தன்னோட படத்துல என்ன இருக்கோ அத மட்டும்தான் செய்யணும், சொந்த மூளைய உபயோகிக்கக் கூடாது. தாடி சார், வாயு மெஷினுக்குத் தனிப் படம் இருக்குமே?”

“இருக்கு. அது வேற நாள் பாத்தோம்.” தாடிக்காரர் உருளையாகச் சுற்றிய தாளைக் கொண்டுவந்து பிரித்தார்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்ததுண்டா?”

அவர் தாடியைச் சொறிந்தார். “இல்ல. கதவு ஒரு வாரம், மெஷின் ஒரு வாரம்.”

“நீங்க மெஷின். வாய்க்கால், நீ உள்ள மாட்டின ஆள்.”

வாய்க்கால் உற்சாகமாக மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றான். “ஐயோ காப்பாத்துங்க, ஆப்பிள் எல்லாம் என்னையே பாக்குது...”

“தள்ளுங்க.”

அந்தப் பெண் எழுந்து வந்திருந்தாள். அவன் வாய் மூடிக்கொண்டது.

“தள்ளுங்க தம்பி. அது என் தம்பி. நான் நிக்கறேன்.”

“வேண்டாம்மா,” என்றார் கண்ணாடியம்மா.

“அவன் அங்க என்ன பண்ணினான்னு யாரும் எனக்குச் சொல்லல. நான் நிக்கறேன் மேடம்.”

வாய்க்கால் ஒதுங்கினான். அவள் சுவரோரம் போய் நின்றாள். சோதிக்கும் பெண்மணி எழுந்து கதவின் படத்துக்கு முன்னால் வந்தார். முதல் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“ஆரம்பிப்போம்,” என்றார் கண்ணாடியம்மா. “பெட்டி அடுக்கி முடிஞ்சுது. எல்லாரும் போயாச்சுன்னு நினைச்சு சூப்பர்வைசர் கிளம்பிட்டார். கதவு தானா மூடும்தானே?”

“ஆமா. திறந்து விட்டுட்டா கொஞ்ச நேரத்துல தானா மூடிக்கும். ‘மூடியது’ கட்டத்துக்கு வந்துட்டேன். மெஷினுக்குச் சொல்றேன்: நான் மூடிட்டேன்.”

“நான் தானியங்கில இருக்கேன்,” என்றார் தாடிக்காரர், தன் தாளை விரலால் பின்தொடர்ந்தபடி. “உள்ள பிராணவாயு அதிகமா இருக்கு. உடனே நிரப்ப ஆரம்பிக்கறேன். கதவே, இறுகிக்கோ.”

“நான் ‘இறுக்கம்’ கட்டத்துக்குப் போறேன்.” பெண்மணியின் விரல் கீழ் வலது மூலைக்கு வந்தது.

சுவரோரம் நின்றவள் மேஜை விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

“பட்டன்,” என்றாள்.

பெண்மணி கட்டத்தைப் பார்த்தார். அதிலிருந்து வெளியே போகும் அம்பு ஒன்றே ஒன்று. அதன்மேல் ‘வாயு முடிந்தது’, அதாவது நிரப்பி முடிந்தது, என்று எழுதியிருந்தது.

“பட்டன்,” என்றாள் அவள் மறுபடியும்.

“எனக்கு... எனக்கு இங்க பட்டனுக்கு அம்பு இல்ல.” பெண்மணி திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. “‘மூடியது’ல இருக்கும்போது பட்டன அமுக்கினா திறக்கணும்னு இருக்கு. ‘இறுக்கம்’ல இல்ல. பட்டன் வந்ததே எனக்குத் தெரியாது.”

“மெஷின்?” கண்ணாடியம்மாவின் குரல் கத்தி மாதிரி இருந்தது.

தாடிக்காரர் தன் தாளில் தேடினார். “‘அவசரம்னு கதவு சொன்னால் நிறுத்து’ன்னு இருக்கு. கதவு சொல்லலியே. சொன்னாத்தான் நிறுத்துவேன்.” அவர் கால் ஆடுவதை நிறுத்தியிருந்தது. “கதவு சொல்லும்னு மெஷின் காத்துக்கிட்டு இருக்கு. மெஷினே பாத்துக்கும்னு கதவு சும்மா இருக்கு.”

“பட்டன்,” என்றாள் அந்தப் பெண். “பட்டன். பட்டன்.” மேஜை விளிம்பில் கட்டைவிரல் வெள்ளையாகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். வாய்க்கால்தான் போய் அவள் கையை மெல்ல விலக்கினான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“போலீஸ் அமுக்கினப்ப திறந்துதே?” என்றான் வாய்க்கால்.

“மெஷின நிறுத்திட்டுத்தான் சோதிச்சிருப்பாங்க, பாதுகாப்புக்கு,” என்றார் சோதிக்கும் பெண்மணி. “நானும் அப்படித்தான் சோதிச்சேன். மெஷின் நின்னிருந்தா இந்தக் கட்டத்துக்கே வரமாட்டோம்.”

“கார்டு? அவர் பேர் எப்படி விழுந்துது?”

“கதவு மூடினா ஒரு பேர் எழுதியே ஆகணும்னு விதி,” என்றார் தாடிக்காரர். “தானா மூடினா, கடைசியாத் திறந்தவர் கார்டு எதுவோ அந்தப் பேர். அது தப்புன்னுகூட எங்களுக்குத் தோணல.”

கண்ணாடியம்மா ஆர்க்கிடெக்டின் பக்கம் திரும்பினார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க மட்டும் ஏன் சார் காலைலேர்ந்து அந்த மூலைய ஒரு தடவைகூடப் பாக்கல?”

அவர் சட்டை மடிப்பை நீவிக்கொண்டார்.

“பிழை தேடறவங்க தவற விட்டது எனக்குப் புரியுது. படத்துல இருக்கறதுல தப்பிருந்தா கண்ணுல படும். இல்லாத அம்பு யார் கண்ணுல படும்? ஆனா நீங்க தவற விடல. எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“செய்தி வந்த அன்னைக்கு.” அவர் குரல் காகிதம் மாதிரி இருந்தது. “வீட்ல உட்கார்ந்து ரெண்டு படத்தையும் சேர்த்துப் பாத்தேன். அடுத்த திருத்தத்தோட சத்தம் போடாம மாத்தி அனுப்பிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவர புடிச்சுட்டாங்க. அவர் எப்படியும் வெளிய வந்துடுவார்னு...”

“நாளைக்கு ஒத்துக்கப் போறாரு,” என்றாள் தரையில் இருந்தவள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தப் பாத்து, இவர்தான் என் தம்பியக் கொன்னாரோன்னு நினைச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

தாடிக்காரர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஆர்க்கிடெக்டின் சட்டையைப் பிடிக்கப் போனார். கண்ணாடியம்மா குறுக்கே கை நீட்டினார்.

“அது அப்புறம். வாய்க்கால், இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. இப்பவே.”

*

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது வேறு குரல். கான்ஸ்டபிள்.

“ஐயா போன எங்கிட்டக் குடுத்துட்டு உள்ள போயிருக்காரு. கிடங்குல இருக்கோம்.”

“எந்தக் கிடங்குல?” வாய்க்கால் போனை ஒலிபெருக்கியில் போட்டான்.

“பழக் கிடங்குதான். அக்யூஸ்ட கூட்டிட்டு வந்து, எப்படிப் பூட்டினேன்னு செஞ்சு காட்டச் சொல்றாங்க. எல்லாம் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கணும்னு ஐயா ஆர்டர். வேலையாளுங்கள எல்லாம் கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டோம்.”

கண்ணாடியம்மா போனைப் பிடுங்கினார். “மெஷின்? வாயு மெஷின் ஓடுதா?”

“அதும்தான். அன்னைக்கு இருந்த மாதிரியேன்னேனே. ஐயாவும் அவரும் உள்ள போனாங்க. கதவ மூடு, நான் உள்ளேர்ந்து பட்டன அமுக்கித் திறந்து காட்டறேன்னு ஐயா சொன்னாரு. மூடிட்டேன்.” கான்ஸ்டபிள் தயங்கினான். “இன்னும் திறக்கலீங்க.”

தரையில் இருந்தவள் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அவள் போனுக்கு அருகில் வந்துவிட்டிருந்தாள்.

“கதவுமேல என்ன விளக்கு எரியுது?” என்று கத்தினார் தாடிக்காரர்.

“மஞ்சள்.”

“இறுக்கம்,” என்றார் சோதிக்கும் பெண்மணி.

“உங்க கிட்ட கார்டு இருக்கா? வெளியேர்ந்து தேயுங்க,” என்றார் தாடிக்காரர்.

“சூப்பர்வைசர் கார்டத் தேச்சுப் பாத்துட்டேங்க. கீச்சுனு சத்தம் வருது, திறக்கல. உள்ள தட்டறாங்க போலருக்கு. சரியாக் கேக்கல, கதவு ரொம்பத் தடிமன்.” அவன் குரலில் இப்போது பயம் ஏறியிருந்தது. “என்ன பண்றது? உடைக்கட்டுமா?”

“அத உடைக்க முடியாது,” என்றார் ஆர்க்கிடெக்ட். “வாயு முடியற வரைக்கும்...” முடிக்கவில்லை.

“காலைல எங்கள ஆட்டி வெச்சீங்களே, இப்ப நடிங்கக்கா!” வாய்க்காலின் குரல் உடைந்தது. “கதவா நடிங்க! எப்படியாவது வெளிய வர வழி சொல்லுங்க!”

கண்ணாடியம்மா சுவரில் முகத்தை ஒட்டுவதுபோல் நின்றார். இறுக்கத்திலிருந்து ஓர் அம்பு. ‘வாயு முடிந்தது.’ வேறு இல்லை. விரல் வைத்துப் பின்னோக்கிப் போனார். இறுக்கத்துக்கு முன் மூடியது. மூடியதுக்கு முன் திறந்தது. திறந்ததுக்கு முன்...

“இது என்ன? இந்தக் கரும்புள்ளி?”

“அது ஆரம்பம்,” என்றார் சோதிக்கும் பெண்மணி. “எல்லாப் படத்துலயும் இருக்கும். கருவி உயிர் பெறும்போது அங்கேர்ந்துதான்...” அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “புள்ளியிலேர்ந்து ‘திறந்தது’க்கு அம்பு! அணைச்சுட்டுப் போட்டா அது புள்ளியிலேர்ந்து ஆரம்பிக்கும். திறந்துடும்!”

“படத்துல திறக்கும். நிஜக் கதவு?”

எல்லோரும் தாடிக்காரரைப் பார்த்தார்கள்.

“நான் படத்தப் பாத்து அப்படியே எழுதினேன்,” என்றார் அவர். கண்ணில் நீர் திரண்டிருந்தது. “ஒரு புள்ளிகூட மாத்தல. தப்பையும் சேர்த்து அப்படியே எழுதியிருக்கேன். புள்ளியும் இருக்கும்.” போனின்மேல் குனிந்தார். “சார், கதவுக்கு வலது பக்கம் சாம்பல் நிறத்துல கரண்ட் பெட்டி இருக்கா?”

“இருக்கு. பூட்டியிருக்கு.”

“சாவி?”

“எங்க வீட்டுக்காரர் சாவிக்கொத்த இன்ஸ்பெக்டர்தான் வெச்சிருக்கார்,” என்றாள் அந்தப் பெண். “அவர் உள்ள இருக்காரு.”

“உடைங்க!”

தகரத்தில் எதையோ ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டது. ஓர் அடி. இன்னும் ஓர் அடி. ஏதோ கீழே விழுந்தது. “திறந்துட்டேன்!”

“மேல சிவப்பு சுவிட்ச். கீழ தள்ளுங்க.”

“தள்ளிட்டேன். விளக்கு அணையல. மஞ்சள் எரியுது!”

தாடிக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பேட்டரி. கரண்ட் போனா தாங்கறதுக்குன்னு நானேதான் வெக்கச் சொன்னேன். பெட்டிக்கு அடியில கறுப்பா இருக்கும். அதுலேர்ந்து வர வயரப் பிடுங்குங்க. தயங்காதீங்க, பிடுங்குங்க!”

மூச்சிரைப்பு. முனகல். பிறகு, “அணைஞ்சுடுச்சு.”

“இப்ப சிவப்பு சுவிட்ச மேல தள்ளுங்க.”

“தள்ளியாச்சு. விளக்கு மினுக்குது. திறக்கல.”

“அது கண் விழிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.”

அந்தக் கொஞ்ச நேரம் போகவே இல்லை. சோதிக்கும் பெண்மணி கரும்புள்ளியின்மேல் விரலை வைத்தபடி நின்றார், எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல. ஆர்க்கிடெக்ட் முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். அந்தப் பெண்ணின் உதடு மட்டும் அசைந்தது. யாரைக் கூப்பிடுகிறாள் என்று கண்ணாடியம்மாவுக்குக் கேட்கவில்லை. தம்பியா, புருஷனா?

போனில் ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

பிறகு கான்ஸ்டபிளின் அலறல். “ஐயா! ஐயா!” ஓடும் காலடி. இருமல். இன்னொரு இருமல். ஒன்று ஓயும் முன் மற்றது கேட்டதால் இரண்டு பேரின் இருமல் என்று தெரிந்தது.

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

*

இன்ஸ்பெக்டர் பேச வெகுநேரம் ஆயிற்று. பேசியபோது, அதிகாரம் எல்லாம் இறங்கி வெறும் மனிதக் குரலாக இருந்தது.

“பட்டன அமுக்கினேன் மேடம். அமுக்கிக்கிட்டே இருந்தேன். அவர்தான் என் கையப் பிடிச்சு நிறுத்தினாரு. பேசாதீங்க சார், உட்காருங்க, மூச்ச மிச்சம் பிடிங்கன்னாரு. நான் கொலைகாரன்னு அடைச்சு வெச்ச ஆளு.”

“அந்தக் கதவு வேற எங்கெல்லாம் இருக்கு?” என்று கண்ணாடியம்மா தாடிக்காரரைக் கேட்டார். அவர் ஏற்கனவே மேஜைத் தொலைபேசியில் கிடங்கு கிடங்காகக் கூப்பிட்டு, “ஆளை வெளிய எடுங்க, மெஷின நிறுத்துங்க, காரணம் அப்புறம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆர்க்கிடெக்ட் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

“உட்காருங்க சார்,” என்றான் வாய்க்கால். வழியில் நாற்காலியைப் போட்டு அதில் அவனே உட்கார்ந்துகொண்டான். “இன்ஸ்பெக்டர் நேரா இங்கதான் வருவாரு. இன்னைக்கு அவர் ரொம்பக் கேள்வி கேப்பாரு. மூச்சு வேற நிறைய இருக்கு.”

போனில் இன்னொரு குரல் வந்தது. சூப்பர்வைசர். மனைவியின் பெயரைச் சொல்லவில்லை.

“அவன் கதவுகிட்டதான கிடந்தான்,” என்றார். “அமுக்கியிருக்கான்டி. நான் இப்ப நின்ன அதே இடத்துல நின்னு, அமுக்கி அமுக்கிப் பாத்திருக்கான். அடிச்சது வலிச்சுப் பெட்டிக்குப் பின்னால போய் உட்கார்ந்திருப்பான். நான் கூப்பிட்டுக்கூடப் பாக்கல. எல்லாரும் போயாச்சுன்னு நினைச்சுட்டேன்.”

அவள் போனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“பூட்டினது நான் இல்ல. ஆனா காலைல அவன அடிச்சது நான்தான். அது இனிமே மாறாது.” குரல் நின்று, மறுபடி வந்தது. “இவங்க விடறப்ப விடட்டும். அப்ப நான்... வீட்டுக்கு வரலாமா?”

கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக. வெகுநேரம் துடைத்தார்.

“முதல்ல அந்தக் கதவு கிட்டேர்ந்து தள்ளி, வெளிய வெயில்ல வந்து நில்லுங்க,” என்றாள் அவள். “தனியா வர வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் சரி, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”